கதையைக் குத்தகைக்குக் கொடுங்கள், விற்பனை உறுதி முடிக்காதீர்கள்

யாழ்ப்பாணம், கோப்பாய்ப் பகுதியிலிருந்து ஒரு வாசகி, சட்டத்தரணியான எனக்கு எட்டுப் பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 33. மகள் தரம் 2இல் படிக்கிறாள். மகனுக்குப் பதினான்கு மாதம். ஆறு வருடங்கள் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மகன் பிறந்ததும் வேலையை விட்டார். கணவர் தனியார் நிறுவனம் ஒன்றின் விநியோகப் பகுதியில் மாதம் 65,000 ரூபாவுக்கு வேலை செய்கிறார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் மாதம் 12,000 ரூபா துண்டு விழுகிறது. இரண்டு வருடங்களுக்கு முன்னர் இவர் சிறுவர் கதை ஒன்றை நிறப்படங்களுடன் 500 பிரதிகள் அச்சிட்டார். அச்சகத்துக்கு 210,000 ரூபாவும், படம் வரைந்த இளைஞருக்கு 15,000 ரூபாவும் செலவாயின. பணம் வந்த வழி, சங்கிலியும் காப்பும் அடைவு வைத்ததும் நுண்கடன் நிறுவனம் ஒன்றில் எடுத்த 80,000 ரூபாவும். விலை 600 ரூபா. புத்தகக் கடைகளில் 140, நேரடியாக 50 என 190 பிரதிகள் விற்றன; மீதி 310 பிரதிகள் கட்டிலின் கீழே இருக்கின்றன.

இப்போது ஒரு பதிப்பகம், அவருடைய ஐந்து புதிய கதைகளையும் 'எல்லா உரிமைகளுடனும்' 60,000 ரூபாவுக்கு வாங்க முன்வந்து, ஆங்கிலத்தில் மூன்று பக்க ஒப்பந்தம் அனுப்பி, மாத முடிவுக்குள் கையொப்பம் கேட்கிறது. கணவரின் சித்தப்பா வேறொரு வழி சொல்கிறார்: வாசகியின் சீதனக் காணி இரண்டு பரப்பை ஈடு வைத்து 400,000 ரூபா எடுத்து, ஐந்தையும் தாமே அச்சிடலாம் என்கிறார். மாமியோ, நிதி நிறுவனமொன்றில் கிடைக்கக்கூடிய 40,000 ரூபா வேலைக்குப் போகச் சொல்கிறார். கனடாவிலிருக்கும் பெரியம்மாவின் மகன் கதைகளை யூடியூப்பில் போடக் கேட்கிறார். முன்னர் வேலை செய்த முன்பள்ளியின் நிர்வாகம், 'அந்தக் கதைகள் எங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னவை, எங்களுக்கும் உரிமை உண்டு' என்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதும்போது மகன் அழுது எழும்பினால், பிள்ளைகளுக்கு வஞ்சகம் செய்கிறேனோ என்று தாமும் அழுதுவிடுவதாக எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி மகளின் கேள்வி: "அம்மா, கதையை வித்துப்போட்டா இனி எங்களுக்குச் சொல்லமாட்டீங்களோ?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் மகளின் கேள்விக்குச் சட்டத்தில் நேரான பதில் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். என் கருத்தை ஒளிக்காமல் சொல்வதானால், பதிப்பகத்தின் ஒப்பந்தத்தில் இப்போதுள்ளபடி கையொப்பம் இடவேண்டாம். காணியைத் தொடவே வேண்டாம். வேலைக்குப் போவதை நீங்கள் எண்ணுவதைப்போல ஒரு தோல்வியாக எண்ணவும் வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுவதிலும் நீங்கள் கதைகளைப் பற்றி ஏதோ சட்டம் கண்டுகொள்ளாத, பெறுமதி குறித்துச் சொல்ல முடியாத பொருளைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுகிறீர்கள். 'பதிவு செய்யவில்லை, ஐஎஸ்பிஎன் இலக்கமும் எடுக்கவில்லை, ஆகவே எனக்கு உரிமை இருக்காது' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் உருவாக்கப்பட்டது என்ற ஒரே காரணத்தாலேயே பாதுகாப்புப் பெறுகிறது. பதிவு எதுவும் வேண்டியதில்லை. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வணிகக் குறிகளையும் கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமைகளையும் பதிவு செய்கிறது. கதைக்கு அங்கே போகவேண்டியதில்லை. ஐஎஸ்பிஎன் என்பது நூலுக்கான அடையாள இலக்கம். தேசிய நூலக மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை அதை வழங்குகிறது. நூலகங்களுக்கும் கடைகளுக்கும் விற்பதற்கு அது உதவும் என்பதால் அடுத்த நூலுக்குக் கட்டாயம் எடுங்கள். ஆனால் அது உரிமையைத் தருவதுமில்லை, இல்லாவிட்டால் உரிமை போய்விடுவதுமில்லை. உங்களுக்கு வேண்டியது, எப்போதாவது தகராறு வந்தால் காட்டக்கூடிய சான்று. பழைய கொப்பிகளை எறியாதீர்கள். கணினியில் எழுதியவற்றை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பித் திகதியோடு வைத்திருங்கள்.

இந்த உரிமை உங்கள் ஆயுள் முழுவதும் நீடித்து, உங்களுக்குப் பின் இன்னும் 70 வருடங்கள் இருக்கும். நீங்கள் ஒரு கதைக்குள் நவாலியூர் சோமசுந்தரப்புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைச் சேர்த்திருப்பதாகவும், அது பிழையோ என்றும் கேட்டிருந்தீர்கள். புலவர் 1953இல் மறைந்தார். அந்த 70 வருடங்களும் கடந்துவிட்டன. அவருடைய பெயரைப் போட்டுத் தாராளமாகச் சேர்க்கலாம். அதே கணக்கை உங்களுக்குப் போட்டுப் பாருங்கள். இன்று உங்கள் மடியில் இருக்கும் மகன் கிழவனாகும் காலத்திலும் இந்தக் கதைகள் அவனுக்கு ஒரு முதுசமாக இருக்கக்கூடும். 60,000 ரூபாவுக்குப் பதிப்பகம் கேட்பது அந்தக் காலம் முழுவதையும்தான். உங்கள் மாதத் துண்டுவிழல் 12,000 ரூபா. அந்தப் பணம் ஐந்து மாதத்துக்குக் காணும். மாதம் ஒரு கதையைக் கொடுத்துக் கடையில் சாமான் வாங்குவதைப் போன்றது அது. ஆறாவது மாதம் கடனும் இருக்கும், கதையும் இருக்காது.

இதைச் சொல்லும்போது பதிப்பகத்தைக் கள்வர் என்று நான் சொல்லவில்லை. 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளையே பிற்போட வேண்டி வந்த நாடு இது. நிறப்படத்தோடு சிறுவர் நூல் போடுகிறவர் தம் முதலைப் போட்டுத்தான் போடுகிறார், அவருக்கும் பயம் இருக்கும். அவர் கூடியதைக் கேட்பது வியாபாரம். நீங்கள் குறைத்துக் கொடுப்பதும் வியாபாரந்தான். அதை நன்றி கெட்ட செயலாக நினைக்கத் தேவையில்லை.

ஒரு பனையில் எத்தனை குத்தகை

நம்மூர்க் காணிக்காரருக்குப் பதிப்புரிமையை விளங்கவைக்க நான் பனையைத்தான் காட்டுவது வழக்கம். வளவிலே நிற்கும் ஒரு பனையின் நுங்கை ஒருவருக்கு விற்கலாம், ஓலையை வேலி அடைப்பவருக்குக் கொடுக்கலாம், கருப்பநீர் இறக்க இன்னொருவருக்கு ஒரு பருவத்துக்குக் குத்தகை பேசலாம், விழும் பனங்காயைப் பொறுக்கிப் பனாட்டுப் போட வீட்டுக்கே வைத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் மரம் உங்களுடையது. ஒரு கதைக்குள்ளும் இப்படிப் பல உரிமைகள் இருக்கின்றன. தமிழில் அச்சிடுவது ஒன்று. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பது வேறொன்று. ஒலிவடிவம், காணொளி, மேடை நாடகம், பாடநூலில் சேர்த்தல் என ஒவ்வொன்றும் தனித்தனி. 'எல்லா உரிமைகளும்' என்ற இரண்டு சொற்களில் நீங்கள் மரத்தையே தறித்துக் கொடுக்கிறீர்கள்.

உரிமையைக் கையளிப்பதோ, பயன்படுத்த அனுமதிப்பதோ இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து மூலமாகவே இருக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த எழுத்தில் வெளிப்படையாகக் குறிப்பிடாத உரிமை கைமாறியதாகக் கொள்ளப்படாது. ஆகவே எதைக் கொடுக்கிறீர்கள் என்று எழுதுவது உங்களுக்குத்தான் பாதுகாப்பு. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பதிப்பகத்துக்கு இப்படிப் பதில் எழுதுவேன்: தமிழ் அச்சு நூல் உரிமை மட்டும், ஐந்து வருடங்களுக்கு மட்டும், விற்பனை விலையில் 10 வீதம் உரிமைத்தொகை, அதில் ஒரு பகுதி முற்பணமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை அச்சிட்டு எத்தனை விற்றது என்ற கணக்கு, பிரதிகள் தீர்ந்து ஒரு வருடத்துக்குள் மறுபதிப்பு வராவிட்டால் உரிமை தானாக என்னிடம் திரும்ப வேண்டும், எனக்கு 25 இலவசப் பிரதிகளும், அதற்கு மேல் கழிவு விலையில் வாங்கும் வசதியும் வேண்டும்.

600 ரூபா நூலொன்றில் 10 வீதம் 60 ரூபா. ஐந்து நூல்களில் ஒன்று மட்டும் 1,000 பிரதிகள் விற்றாலே, இப்போது ஐந்துக்கும் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் முழுத்தொகையும் வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பணம் உடனே வராது, ஆயிரம் பிரதி நம்மூரில் ஒரு வருடத்தில் விற்றுத் தீரும் என்று யாரும் உறுதி தரவும் மாட்டார்கள். முற்பணத்தைக் கேட்கச் சொல்வது அதனால்தான். பதிப்பகம் ஒரே தொகைதான் தருவோம் என்று நின்றால், ஐந்தில் ஒரு கதையை மட்டும், காலவரையறையோடு, அந்தத் தொகையின் ஒரு பங்குக்குக் கொடுத்துப் பாருங்கள். மற்ற நான்கும் வீட்டில் இருக்கட்டும்.

பெயர் பற்றியும் ஒன்று. ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு, உங்கள் பெயரைப் போடாமல் 'தொகுப்பாளர் குழு' என்று போடவும், கதையை விரும்பியபடி மாற்றவும் பதிப்பகத்துக்கு இடமளிக்கிறது. ஆக்கியோன் என்று பெயர் குறிக்கப்படுவதும், கதையைச் சிதைப்பதை எதிர்ப்பதும் உங்கள் தார்மிக உரிமைகள். பொருளாதார உரிமைகளை முழுவதும் விற்றுவிட்டாலும் இவை உங்கள் ஆயுட்காலத்தில் இன்னொருவருக்குப் போவதில்லை. அப்படியிருக்க, அவற்றை விட்டுக்கொடுப்பதாக எழுத்தில் கொடுத்து வீண் வழக்குக்கு வழி வைக்காதீர்கள். அந்தப் பிரிவை முழுவதுமாக வெட்டச் சொல்லுங்கள். பெயர் இல்லாத நூலால் ஆறாவது கதைக்கு உங்களுக்கு எந்த வாசகரும் வரப்போவதில்லை.

படங்களுக்கும் எழுத்து வேண்டும்

'காசு கொடுத்து வரைவித்தேன், ஆகவே படங்களும் என்னுடையவை' என்று எழுதியிருக்கிறீர்கள். பொருளாதார உரிமையைப் பொறுத்தவரை அது சரி. ஒருவர் சொல்லி ஆக்குவித்த ஆக்கத்தின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், ஆக்குவித்தவரைச் சேரும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தார்மிக உரிமைகள் படம் வரைந்த இளைஞரிடமே இருக்கின்றன; நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதற்கு எழுத்து எதுவும் இல்லை. ஐந்து புதிய கதைகளில் இரண்டுக்கு அவர்தான் வரைந்திருக்கிறார். பதிப்பகம் படங்களோடுதான் கேட்கிறது. அப்படியானால் எழுத்தில் இல்லாத ஒரு பேச்சை நம்பி நீங்கள் ஒப்பமிடப் போகிறீர்கள். பின்னர் அவர் கேள்வி கேட்டால், பதிப்பகம் உங்கள் பக்கம்தான் விரலை நீட்டும். இந்த வாரமே அவரோடு இருந்து பேசி, ஒரு பக்கக் கடதாசியில் இரண்டு பேரும் ஒப்பமிடுங்கள்: எந்த நூலுக்கு, எத்தனை வருடத்துக்கு, அவருடைய பெயர் எங்கே வரும், உரிமைத்தொகையில் அவருக்கு எவ்வளவு. உங்களுக்குப் பதிப்பகத்திடம் வேண்டும் என்று நான் மேலே சொன்னவையேதான் அவருக்கு உங்களிடமிருந்து வேண்டியவையும்.

கணவரின் ஒப்பமும் முன்பள்ளியின் கோரிக்கையும்

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையின் கீழ் மணமான பெண் கணவரின் சம்மதம் இல்லாமல் எதிலும் ஒப்பமிட முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இந்த எண்ணம் மிகப் பரவலானது, அரைவாசிதான் சரி. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம் கணவரின் எழுத்து மூலச் சம்மதத்தைக் கேட்பது, பெண் தன் அசையாச் சொத்தை உயிருடன் இருக்கும்போது கைமாற்றுவதற்கு. அசையும் சொத்துக்கு அந்தச் சம்மதம் வேண்டியதில்லை. கதையின் உரிமை காணியும் வீடும் போன்ற அசையாச் சொத்தல்ல. திருமண காலத்தில் உழைத்துத் தேடும் பணம் தேடியதேட்டமாகக் கணிக்கப்படலாம், அதில் கணவருக்கும் பங்கு எழலாம் என்பது வேறு விடயம். பங்கு என்பது அனுமதி அல்ல. உங்கள் கணவர் எதிர்ப்பவரும் அல்லர் என்று தெரிகிறது. சாட்சியாக ஒப்பமிடக் கேளுங்கள், மனிதர் சந்தோஷப்படுவார்.

முன்பள்ளி விடயத்தில் இரண்டு பக்கத்தையும் பார்க்கவேண்டும். ஊழியர் ஒருவர் தம் வேலையின் பகுதியாக ஆக்கியவற்றின் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், வேலை கொடுத்தவரைச் சேரும். நிர்வாகம் கேட்டுக்கொண்டதற்காக நீங்கள் தயாரித்த செயற்பாட்டுக் கொப்பி அவர்களுடையதாக இருக்கலாம். அதை உங்கள் நூலில் சேர்க்காதீர்கள். வீட்டில் விடியற்காலையில் எழுதி, மறுநாள் பிள்ளைகளுக்கு விருப்பத்தோடு சொன்ன கதை அப்படியல்ல. வகுப்பில் சொன்னதால் கதை வகுப்புக்குச் சொந்தமாவதில்லை. அவர்களுக்குச் சண்டைக் கடிதம் எழுதவும் வேண்டாம். முன்பள்ளிக்குப் பத்துப் பிரதிகள் அன்பளிப்பாகக் கொடுத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி என்று முன்னுரையில் ஒரு வரி போடுங்கள். அநேகமான இடங்களில் அவர்கள் கேட்பது அவ்வளவுதான்.

சீதனக் காணி

சித்தப்பாவின் யோசனை நல்லெண்ணத்தால் வந்திருக்கலாம். ஆனால் இருபத்தொரு வருடத் தொழிலில் என் மேசைக்கு வந்த கண்ணீரில் பெரும்பகுதி இந்த வழியாகத்தான் வந்தது. தனியாரிடம் 'ஈடு' என்று பேசிக்கொண்டு போகிறார்கள். நொத்தாரிசின் மேசையில் இருப்பதோ விற்பனை உறுதி, அல்லது குறித்த காலத்துக்குள் பணம் கட்டினால் மீள எழுதித் தரும் நிபந்தனையோடு கூடிய அறுதி விற்பனை. தவணை தப்பினால் காணி போய்விட்டது. 'வாய்ப்பேச்சில் ஈடு என்றுதானே சொன்னார்கள்' என்பது அதற்குப் பிறகு நிரூபிக்க மிகக் கடினமான வாதம், ஏனென்றால் காணிக் கைமாற்றத்துக்கு 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் கொண்ட எழுத்தையே. உங்கள் சீதனக் காணி உங்கள் தனிச் சொத்து. அதைக் கைமாற்ற உங்களுக்குக் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் தேவைதான். ஆனால் உங்களுடைய ஒப்பம் இல்லாமல் கணவரோ அவருடைய சித்தப்பாவோ அதை ஒன்றும் செய்ய முடியாது. மரியாதையாக 'வேண்டாம்' என்று சொல்ல இந்த ஒரு சட்டக் காரணம் போதும். சொல்லக் கஷ்டமாக இருந்தால், சட்டத்தரணி மறித்தார் என்று என் தலையில் போடுங்கள்.

தவிர, அச்சிடுவதில் உங்கள் கணக்கே பிழையாக இருக்கிறது. ஒரு பிரதிக்கு 180 ரூபா இலாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். 600இலிருந்து அச்சுச் செலவு 420ஐக் கழித்திருக்கிறீர்கள். ஓவியருக்குக் கொடுத்ததைச் சேர்த்தால் அடக்கவிலை 450 ரூபா. கடைக்காரர் 35 வீதக் கழிவாக 210 ரூபா எடுக்கிறார்; உங்கள் கைக்கு வருவது 390. அதாவது கடையில் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள் 60 ரூபா கையிலிருந்து கொடுத்திருக்கிறீர்கள்! நன்றாக விற்க விற்க ஏன் கடன் குறையவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். அதே விலையிலும் அதே கழிவிலும் ஐந்து நூல்களை அச்சிட்டால் இதே நட்டம் ஐந்து மடங்காகும்.

கட்டிலின் கீழே இருப்பதை நீங்கள் சுமையாக நினைக்கிறீர்கள். என் கண்ணுக்கு அது முதல். இதுவரை 190 பிரதிகளால் உங்களுக்கு வந்தது 84,600 ரூபா. மீதி 310ஐயும் நூறு ரூபா குறைத்து, 500 ரூபாவுக்கு நேரடியாக விற்றாலே 155,000 ரூபா வரும். வட்டியைத் தவிர்த்துப் பார்த்தால் போட்ட முதல் திரும்பிவிடும், ஒரு சதமும் புதிதாகச் செலவழிக்காமல். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். பாடசாலைகளும் பொது நூலகங்களும் நிகழ்ச்சி நடத்தத் தேடிக்கொண்டிருக்கும். ஆறு வருடம் சிறுபிள்ளைகளுக்குக் கதை சொன்னவர் நீங்கள். ஒரு மணி நேரம் கதை சொல்லிவிட்டு வாசலில் மேசை போட்டு விற்கலாம், கதை சொன்னதற்கும் ஒரு தொகை கேட்கலாம். ஏடு தொடக்கும் நாளில் வெற்றிலைத் தட்டோடு ஒரு புத்தகமும் வைக்கும்படி உறவுகளிடம் சொல்லலாம்.

எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் 'கல்வெட்டு' என்ற நினைவு மலர் அடிக்கிறோம். அதற்குச் செலவழிப்பது சிறிய தொகையல்ல, ஒரு மாதத்தில் அது அலுமாரிக்கு மேலே போய்விடும். கனடாவிலிருக்கும் உங்கள் அண்ணாவிடம், யூடியூப்பை விட்டுவிட்டு, பெரியப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு நூறு பிரதிகள் வாங்கி ஊரிலுள்ள முன்பள்ளிகளுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளட்டையில் பெரியப்பாவின் பெயரோடு ஒரு சிறு துண்டு ஒட்டினால் போதும். யூடியூப்புக்கும் விருப்பம் என்றால், ஒரே ஒரு கதை, ஒலி காணொளிக்கு மட்டும், உங்கள் பெயரோடு, நீங்கள் சொன்னால் நீக்குவேன் என்ற நிபந்தனையோடு ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சொந்தக்காரருக்குள் எழுத்து எதற்கு என்று கேட்பார். சொந்தத்தைக் காப்பாற்றத்தான் என்று சொல்லுங்கள்.

இதற்கு அப்பால், பாடசாலை நூலகங்களுக்கு உகந்தது என்ற கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய நூலக மற்றும் ஆவணவாக்கல் சேவைகள் சபை தெரிவுசெய்யும் கையெழுத்துப் பிரதிகளுக்கு, பிரதிகளை வாங்கி உதவும் திட்டமும் உண்டு. இரண்டும் மெதுவானவை. அவற்றை நம்பிக் கடன் எடுக்காதீர்கள்.

வேலை, கடன், வீடு

இன்னொரு நுண்கடனால் பழையதை அடைக்கும் யோசனை உங்கள் கடிதத்தின் ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. வேண்டாம். நிறுவனத்திடம் முதல், வட்டி, தண்டம் மூன்றையும் பிரித்துக் காட்டும் கணக்கை எழுத்தில் கேளுங்கள். அது சட்டப்படி அனுமதி பெற்ற நிறுவனமா என்றும் கேளுங்கள். கணக்கை வைத்துக்கொண்டு தவணையை நீட்டிக் கேட்பது, வீட்டு வாசலில் நின்று கெஞ்சுவதைவிட வேறான பேச்சு. குழுவில் உங்களுக்காகப் பிணை நிற்கும் பெண்களுக்கும் நிலைமையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாற்பதாயிரம் ரூபா வேலையை நீங்கள் எழுத்தின் மரணம்போல எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைப் பராமரிப்புக்கு 15,000, பஸ்ஸுக்கும் மற்றவற்றுக்கும் 5,000 போனாலும் 20,000 மிஞ்சும். துண்டுவிழலை மூடி, அடைவிலிருக்கும் நகையைச் சிறிது சிறிதாக மீட்கலாம். மாமி கடுமையாகச் சொன்னாலும், சொன்ன கணக்குப் பிழையில்லை. கதைகளை விற்றுக் குடும்பத்தைத் தாங்குவதைவிட, ஒன்றரை வருடம் வேலை செய்து கதைகளைக் காப்பாற்றுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பிள்ளையை நம்பிக்கையான இடத்தில் விடமுடியும் என்றால் மட்டும். மூன்று விடயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அது அலுவலக வேலையா, வீடு வீடாகக் கடன் அறவிடும் வேலையா? உங்களைப் போன்ற பெண்களின் படலையில் போய் நிற்கும் வேலை என்றால், நாற்பதாயிரம் போதாது என்று நினைக்கிறேன். நியமனக் கடிதத்தில், வேலைக்காலத்தில் ஆக்கும் அனைத்தும் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற வாசகம் இருக்கிறதா? இருந்தால், கதைகளும் நூல்களும் நீங்கலாக என்று சேர்க்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை வேலையா என்பது மூன்றாவது. எழுதுவதற்கு உங்களுக்கு வேண்டியது விடியற்காலை நான்கு மணி அல்ல, கணவர் இரண்டு பிள்ளைகளையும் பொறுப்பெடுக்கும் ஒரு சனிக்கிழமைக் காலை. அதை அவரிடம் வாய்விட்டுக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அவர் எதிர்க்கவில்லை என்று மூன்று தரம் எழுதியிருக்கிறீர்கள். எதிர்க்காமல் இருப்பது உதவி அல்ல.

அழுகையைப் பற்றிச் சொல்ல நான் வைத்தியர் அல்ல. இரவில் நித்திரை இல்லை, பிள்ளைகளோடு சிரிக்க முடியவில்லை, இது மாதக்கணக்காக நீள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடனின் கணக்கில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மகனின் நிறைபார்க்கப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் இதையும் சொல்லுங்கள். அவர்கள் இதைக் கேட்கப் பழகியவர்கள். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கிக்கொள்ளாமல் ஒப்பமிட வேண்டாம். கட்டணம் கொடுக்க இயலாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் வைத்திருக்கிறது. ஒப்பந்தம், ஓவியரோடு எழுதிய கடதாசி, வருமான விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். மாத முடிவு என்பது பதிப்பகம் போட்ட திகதி, சட்டம் போட்டதல்ல. இரண்டு வாரம் கூடக் கேட்டால் தருவார்கள். தராவிட்டால், அந்த அவசரத்துக்கு என்ன காரணம் என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

இனி மகளின் கேள்வி. புலமைச் சொத்துச் சட்டம் கட்டுப்படுத்துவது பொது நிகழ்த்துகையை. குடும்பத்துக்கும் அதற்கு மிக நெருங்கிய பழக்கமுள்ளவர்களுக்கும் அப்பாற்பட்டவர்கள் இருக்கும், அல்லது இருக்கக்கூடிய, இடத்தில் நிகழ்த்துவதையே அது அப்படிச் சொல்கிறது. உங்கள் வீட்டுத் திண்ணை அதற்குள் அடங்காது. முழு உரிமையையும் யாருக்கு விற்றாலும், படுக்கையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வதை எந்தப் பதிப்பகமும் தடுக்க முடியாது என்று அவளிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து இருந்து கேட்கலாம்.